கழிவு

பலகைக்காகத்தான் போனேன்.
கீழே ஆற்றோரக் குகையில் என் பிள்ளைக்கு
இருட்டென்றால் மூச்சு முட்டும்.
ஊசிக்கல் தோட்டத்து நிறுவை எந்திரத்தின் முதுகில்
சூரியப் பலகை ரெண்டு இருக்கிறது,
இன்னும் உயிரோடு என்று
மவுஸ்ஸாகலைப் பக்கமிருந்து வந்தவன் சொன்னான்.

மழை விட்டுப் பதினொரு வருஷம்.
மலை எங்கே முடிந்தது லயம் எங்கே தொடங்கியது
மண்ணுக்கே இப்போது தெரியாது.
கவ்வாத்துக் கத்தி படாத தேயிலை
மரமாகிவிட்டது.
இடுப்பளவில் அடக்கி வைத்த செடியெல்லாம்
பூத்துக் காய்த்து
ஒருத்தரையும் கேட்காமல் உயர்ந்துவிட்டன.

வழியில் லயத்து மண்ணைக் கிளறினேன்.
செம்புக் கம்பி, சாவியில்லாத பூட்டு,
எவர்சில்வர் தூக்குச்சட்டியின் மூடி ஒன்று.
எல்லாம் சாக்குக்குள்.

பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருந்தது அது.
முழங்கால் வரை பாசி.
ஒரு கண்ணில் குளவி கூடு கட்டியிருந்தது.
மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டது:
"நம்பர்?"

எனக்கு நம்பர் இல்லை என்றேன்.
காதில் விழாததுபோல் சாக்கை வாங்கிக்
கொக்கியில் மாட்டியது.
"பதினாலு கிலோ. கூடைக்கும் தண்ணிக்கும்
ரெண்டு கழிவு. பன்னெண்டு."

சிரித்துவிட்டேன்.
துரை போனான், கம்பனி போனது,
கொழும்பையே கடல் கொண்டு போனது;
எங்கள் ஆட்கள் சண்டை பிடித்துச் சலித்த
இந்த ரெண்டு கிலோ மட்டும்
போகவில்லை.

சாக்கின் வாய் அவிழ்ந்து
மூடி உருண்டது.
புள்ளி புள்ளியாய்ப் பேர் வெட்டிய மூடி:
ரா. சிவபாக்கியம்.

அது குனிந்தது. பதினொரு வருஷத்துத் துரு
முதுகில் கிறீச்சிட்டது.
"அறுநூற்றுப் பதினாலு. பாக்கியம்.
பத்து மணித் தேத்தண்ணியை
இந்த மூடியில் ஊத்திக் குடிப்பா.
கடைசி நிறுவை பதினேழு கிலோ. ஒன்று குறைவு.
அரைப்பேர் போட்டேன்."
பிறகு, யாரோ கேட்டதுபோல,
"அன்றைக்கு ராத்திரிதான் மலை இறங்கிச்சு" என்றது.

நடந்து போய்
ஒரு தேயிலை மரத்தடியில் நின்று கையைத் தூக்கியது.
எட்டவில்லை.
அதன் விரல் எட்டும் உயரத்தில்
பட்டை வழுவழுவென்று தேய்ந்திருந்தது,
அந்த மரத்தில் மட்டுமல்ல,
வரிசை முழுக்க.

கையிலிருந்த ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு
கிளையைப் பிடித்து வளைத்தேன்.

பறித்தது. நானும் பறித்தேன்.
"முத்தல். வேண்டாம்" என்று
என் கையிலிருந்ததைத் தட்டிவிட்டது.
கொழுந்து பார்த்துப் பறிக்க
எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கொக்கியில் மாட்டினோம்.
"ஒரு கிலோ. ரெண்டு கழிவு."
அதற்குமேல் அதற்குச் சொல்லத் தெரியவில்லை.
தன் கணக்கு தன்னையே மறித்து நிற்க
அது அப்படியே நின்றது.
"கழிக்காமல் விடேன்" என்றேன்.
"முடியாது" என்றது. மெல்லத்தான் சொன்னது.

சரி, வா.
அடுத்த மரம். அதற்கடுத்தது.
அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஒழுக,
விரலெல்லாம் கறுக்க,
வெயில் சிவனொளிபாதத்துக்குப் பின்னால் போகும்போது

"மூணு கிலோ.
ரெண்டு கழிவு.
ஒன்று."

ஒலிபெருக்கி கரகரத்தது. ஆளில்லாத களத்தைப் பார்த்து,
வரிசை நிற்கிறதுபோல,
கூப்பிட்டது:
"ரா. சிவபாக்கியம்.
முழுப்பேர்."

பலகையை விட்டுவிட்டு வந்தேன்
என்று சொன்னால் பொய்.
குகையில் பிள்ளை இருக்கிறான்.
ரெண்டில் ஒன்றைக் கழற்றினேன்.
ஒவ்வொரு ஆணிக்கும் அசையாமல்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கடைசி ஆணி விழுந்ததும் எழுதிக்கொண்டது:
ஒன்று,
கழிவு.